பஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு மேகம்: ஒபயாஷியின் 'ஹவுஸ்', விட்டலாச்சார்யாவின் மோகினி

இந்த எபிசோட்ல ஒரு பேய்ப் படத்தைப் பத்திப் பேசப்போறோம். பேய்ப் படம்னு நம்பி உக்காந்தா பத்தாவது நிமிஷத்துல சிரிச்சிருவீங்க. காமெடிப் படம்னு நம்பி உக்காந்தா, முடியும்போது என்னமோ மாதிரி ஆயிடும். 1977ல ஜப்பான்ல வந்த படம். பேரு 'ஹவுஸ்'. ஜப்பான்லயும் அதே ஆங்கிலப் பேருதான், அவங்க வாயில அது 'ஹவுசு'. ஜப்பான் படத்துக்கு ஆங்கிலத்துல பேர் வைக்கறது அன்னைக்கு வழக்கமே இல்ல. இயக்குநர் நோபுஹிகோ ஒபயாஷி வேணும்னேதான் அப்படி வச்சார்.

கதை ரொம்பச் சின்னது. ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு. அம்மா இல்ல. அப்பா திடீர்னு ஒரு நாள் 'இவங்கதான் உன் புது அம்மா'ன்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றார். கோவத்துல அந்தப் பொண்ணு லீவுக்குத் தன்னோட பெரியம்மா வீட்டுக்குக் கிளம்புது, கூடவே ஆறு சிநேகிதிகள். (சப்டைட்டில்ல 'ஆன்ட்டி'ன்னுதான் வரும். ஆனா அம்மாவோட அக்கா. அப்ப நமக்குப் பெரியம்மா. இந்த உறவு முக்கியம், அப்புறம் வர்றேன்.) ஏழு பேருக்கும் பட்டப்பேர்தான். சண்டை போடறவ 'குங் ஃபூ', சாப்பாட்டுப் பிரியை 'மாக்', பியானோ வாசிக்கறவ 'மெலடி', இப்படி. கிராமத்துல பெரிய பழைய வீடு. சக்கர நாற்காலியில பெரியம்மா, மடியில வெள்ளைப் பூனை. அதுக்கப்புறம் அந்த வீடு ஒவ்வொருத்தியா சாப்பிட ஆரம்பிக்குது.

சாப்பிடுதுன்னா நிஜமாவே சாப்பிடுது. பியானோ மெலடியோட விரல்களைக் கடிச்சுத் தின்னுது. மெத்தைகள் மேல விழுந்து ஒருத்தியை அமுக்குது. தர்பூசணியைக் குளிர வைக்கக் கிணத்துல இறக்கியிருப்பாங்க, கயிறை இழுத்தா மாக்கோட தலை வருது. வந்த தலை சும்மா இருக்காம, இழுத்தவ பின்பக்கத்தைக் கடிக்குது. குங் ஃபூவோட உடம்பு போனப்புறமும் ரெண்டு கால் மட்டும் தனியா பறந்து வந்து பூனைப் படத்தை உதைக்குது. இவங்களைத் தேடி வர்ற வாத்தியார் வழியில வாழைப்பழக் குவியலா மாறிடறார். ஏன்னு கேக்காதீங்க. படமும் சொல்லாது.

இது எப்படி ஒரு பெரிய ஸ்டுடியோவுல படமாச்சுன்னு பாத்தா, அது தனிக் கதை. 1975ல 'ஜாஸ்' உலகம் பூரா ஓடுது. காட்சில்லா எடுத்த தோஹோ கம்பெனி, விளம்பரப் பட இயக்குநரான ஒபயாஷிகிட்ட அந்த மாதிரி ஒண்ணு கேக்குது. அவர் போய் யார்கிட்ட யோசனை கேட்டார் தெரியுமா? ஸ்கூல் படிச்சிட்டிருந்த தன்னோட மக சிகுமிகிட்ட. பெரியவங்களுக்கு விளக்கிச் சொல்ல முடிஞ்ச விஷயம் மட்டும்தான் தோணும், குழந்தைங்களுக்குத்தான் விளக்க முடியாதது தோணும்ங்கறது அவரோட எண்ணம். அந்தப் பொண்ணு தனக்குப் பயமா இருக்கறதையெல்லாம் சொல்லுது. கண்ணாடியில தெரியற தன் உருவமே தன்னைத் தாக்கினா? பியானோவுல விரல் மாட்டினா? தாத்தா பாட்டி வீட்டுக் கிணத்துல இருந்து எடுத்த தர்பூசணி மனுஷத் தலை மாதிரி இருந்துச்சே! அதையெல்லாம் வச்சு சிஹோ கட்சுராங்கற எழுத்தாளர் திரைக்கதை எழுதறார். படத்துல மூலக்கருத்துன்னு சிகுமி பேரே வரும்.

தோஹோ சரின்னுச்சு. ஆனா கம்பெனிக்குள்ள இருந்த இயக்குநர் ஒருத்தர்கூட இதைத் தொட மாட்டேன்னுட்டாங்க. ஒபயாஷிக்கும் தர முடியாது, ஏன்னா அவர் கம்பெனி ஆள் இல்ல. ரெண்டு வருஷம் கிடப்புல கிடந்துச்சு. அந்த ரெண்டு வருஷத்துல அவர் செஞ்ச வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எடுக்காத படத்துக்கு விளம்பரம் பண்ணார். பாட்டு ரெக்கார்டு வந்துச்சு, நாவல் வந்துச்சு, படக்கதை வந்துச்சு, ரேடியோ நாடகம் வந்துச்சு. படம் மட்டும் வரல. ப்ராடக்டே இல்லாம லான்ச் பண்ற வித்தை நம்ம ஐடி கம்பெனிகள் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சிட்டிருந்தேன். கடைசியில தோஹோவே இறங்கி வந்து அவர் கையிலயே படத்தைக் குடுத்துச்சு.

1977 ஜூலை கடைசியில ரிலீஸ். விமர்சகர்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பிடிக்கல. பசங்க கூட்டம் கூட்டமாப் போய்ப் பாத்தாங்க. படம் நல்லா ஓடுச்சு.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நிக்கலாம். 'ஹவுஸ்' பத்தி எங்க படிச்சாலும் 'மறக்கப்பட்டுக் கண்டெடுக்கப்பட்ட படம்'னு எழுதியிருப்பாங்க. 2009ல அமெரிக்காவுல ஜானஸ் ஃபிலிம்ஸ் இதைத் திரையரங்குகளுக்குக் கொண்டு வந்துச்சு. நியூயார்க் ஏசியன் ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல டிக்கெட் எல்லாம் தீர்ந்துடுச்சு. 2010ல கிரைட்டீரியன் டிஸ்க் போட்டாங்க. ஆரஞ்சு நிறத்துல வாயைப் பொளந்த பூனை முகம் போட்ட போஸ்டர், அது சட்டையில எல்லாம் வந்துடுச்சு. நானும் அந்தப் பூனை வழியா வந்தவன்தான். ஆனா மறந்தது யாரு? ஜப்பான்ல அந்தப் படம் ஓடின படம். ஒபயாஷி அதுக்கப்புறம் அங்க பெரிய பேர். 1983ல அவர் எடுத்த 'காலத்தைத் தாண்டிய சிறுமி' அங்க வீட்டுக்கு வீடு தெரிஞ்ச படம். 32 வருஷம் கழிச்சு நியூயார்க்காரங்க பாத்தாங்க, அவ்வளவுதான். வாஸ்கோ டா காமா கோழிக்கோட்டைக் 'கண்டுபிடிச்ச' மாதிரி.

சரி, அது பரவாயில்ல. கொண்டு வந்து காட்டினதுக்கு நன்றிதான் சொல்லணும். என்னோட கேள்வி வேற. நள்ளிரவுக் காட்சியில நண்பர்களோட போய், 'ஜப்பான்காரன் என்னத்தைப் புகைச்சிட்டு எடுத்தான்'னு சிரிச்சிட்டு வர்ற படமாத்தான் இது பரவுச்சு. அந்தச் சிரிப்புல படத்தோட நடுவுல இருக்கற ஒரு ரெண்டு நிமிஷம் காணாமப் போச்சு.

பொண்ணுங்க ரயில்ல போறாங்க. பெரியம்மா யாருன்னு அந்தப் பொண்ணு சொல்றா. சொல்றது அப்படியே பழைய ஊமைப்படமா ஓடுது, பழுப்பு நிறத்துல, தேய்ஞ்ச ஃபிலிம் மாதிரி. பெரியம்மாவுக்கு நிச்சயமாகியிருந்துச்சு. மாப்பிள்ளை போருக்குப் போறார். 'திரும்பி வருவேன்'ங்கறார். வரல. இவங்க காத்திருக்காங்க. தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகுது, இவங்க காத்திருக்காங்க. இதுல ஒரு ஷாட்டுல அணுகுண்டுப் புகை எழும்புது, அந்தக் காளான் மேகம். அதைப் பாத்துட்டு ஏழு பேர்ல ஒருத்தி சந்தோஷமா சொல்றா, பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்குன்னு. அவ்வளவுதான். அடுத்த ஜோக்குக்குப் போயிடறாங்க.

ஒபயாஷி பிறந்தது 1938ல, ஒனோமிச்சியில. அது ஹிரோஷிமா மாகாணத்துல இருக்கற துறைமுக ஊர். குண்டு விழுந்தப்போ அவருக்கு 7 வயசு. அப்பா டாக்டர், ராணுவத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இதெல்லாம் தெரிஞ்சு அந்த வசனத்தைக் கேட்டா முதுகு ஜில்லிடுது. படத்துலயே பெரிய பேய்க் காட்சி அதுதான்னு நான் சொல்லுவேன். அந்த வீடு ஏன் இந்தப் பொண்ணுங்களைத் தின்னுது? கல்யாணமாகாத பொண்ணைத் தின்னாதான் பெரியம்மாவால தன்னோட கல்யாண உடுப்பை உடுத்திக்க முடியும். ஒவ்வொருத்தியா காணாமப் போகப் போக அவங்க நாற்காலியை விட்டு எழுந்திரிக்கறாங்க, ஆடறாங்க, இளமையாகறாங்க. போர் தின்ன ஒரு வாழ்க்கை, போர்னா என்னன்னே தெரியாத, தெரிஞ்சுக்க அவசியமும் இல்லாத பொண்ணுங்களைத் தின்னுது. அவங்க மேல தப்பும் இல்ல. அதுதான் கொடுமை.

இதே தோஹோ 1954ல எடுத்த முதல் காட்சில்லாவுல அணுகுண்டு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஏன்னா அந்தப் படம் சிரிக்காது, முகத்தை இறுக்கமா வச்சிருக்கும். 'ஹவுஸ்' சிரிக்குது. அதனால அதுக்கு விவரம் இல்லன்னு எடுத்துக்கிட்டாங்க, 1977ல ஜப்பான் விமர்சகர்களும் சரி, 2009ல அமெரிக்க ரசிகர்களும் சரி.

சிரிக்கற பேய்ன்னதும் நம்ம பக்கத்துல ஒரு பேர் உடனே வரும். பி. விட்டலாச்சார்யா. 'ஹவுஸ்' வந்த மறு வருஷம், 1978ல, அவர் எடுத்த தெலுங்குப் படம் 'ஜகன்மோகினி'. நரசிம்மராஜு, பிரபா, பேயா ஜெயமாலினி. தமிழ்லயும் டப் ஆகி வந்துச்சு. கதை தெரியாதவங்களுக்குக்கூட ஒரு காட்சி தெரியும். அடுப்புல விறகு இல்லன்னு பேய் தன் காலையே அடுப்புக்குள்ள வச்சு எரிச்சு சமைக்கும். ஒரு பக்கம் குங் ஃபூவோட கால், இன்னொரு பக்கம் மோகினியோட கால். ரெண்டு டீமுக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியவே வாய்ப்பில்ல.

விட்டலாச்சார்யா உடுப்பிப் பக்கத்துக்காரர். அரசிக்கரேயில ஓட்டல் நடத்தி, டூரிங் டாக்கீஸ் நடத்தி, அப்புறம் மெட்ராஸுக்கு வந்து படம் எடுத்தவர். கொட்டகை நடத்தினவர்ங்கறதால மண் தரையில உக்காந்திருக்கறவன் எப்போ கொட்டாவி விடுவான்னு அவருக்கு நல்லாத் தெரியும். குறைஞ்ச செலவு, வேகமான ஷூட்டிங். கால்ஷீட்ல தகராறு பண்ற நடிகரை அடுத்த காட்சியில கிளியாவோ ஆடாவோ மாத்தி, மீதிப் படத்தை ஆட்டை வச்சே முடிச்சிடுவார்னு சினிமாக்காரங்க இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. வாத்தியாரை வாழைப்பழமா மாத்தினதுக்கு என்ன காரணமோ!

தொழில்நுட்பமும் ஒரே குடும்பம்தான். இன்னைக்கு நமக்கு லேயர்னா மவுஸை ரெண்டு தடவை க்ளிக் பண்ற விஷயம். அன்னைக்கு ஒரு ஃபிலிமை ஓட்டி, எதிர்ல கேமராவை வச்சு ஒவ்வொரு ஃபிரேமா இன்னொரு ஃபிலிம்ல பதிவாங்க. எங்க படம் விழக்கூடாதோ அங்க கறுப்பு மறைப்பு. அப்புறம் அதே ஃபிலிமைப் பின்னால சுத்தி, மறைச்ச இடத்துல மட்டும் வேற உருவத்தைப் பதிவாங்க. ஒரு ஃபிரேம் நகர்ந்தா ஓரத்துல கோடு தெரியும், தலை தனியா ஆடும். கன்ட்ரோல் இசட் கிடையாது. இதுல ஒரு வித்தியாசம் உண்டு. விட்டலாச்சார்யா காசுக்குள்ள முடிஞ்ச வரைக்கும் நம்ப வைக்கப் பாத்தார். ஒபயாஷி டிவி விளம்பரத்துல கை பழகினவர், சுத்தமா செய்யத் தெரிஞ்சவர். ஹாலிவுட் நடிகர் சார்ல்ஸ் பிரான்சனை வச்சு 'மான்டம்' விளம்பரமெல்லாம் எடுத்தவர். அவர் வேணும்னே ஓரம் தெரியற மாதிரி விட்டார். ஒரு குழந்தை கத்தரிச்சு ஒட்டின மாதிரி இருக்கணும்னு நினைச்சார். வானம்கூட வரைஞ்ச படுதான்னு பாத்தவுடனே தெரியும்.

என்னை யோசிக்க வச்சது ஜகன்மோகினி ஏன் வருதுங்கறது. ஏமாத்தப்பட்டு செத்தவ. ஒருத்தன் வாக்குக் குடுத்தான், காப்பாத்தல. பெரியம்மாவுக்கு அந்த வாக்கைப் போர் தின்னுச்சு, மோகினிக்கு ஆம்பளை தின்னான். இன்னும் பின்னால போனா பழையனூர் நீலி. திருவாலங்காட்டுப் பக்கம். கொன்னவனைத் தேடி வந்த நீலி, இருட்டுல பாஞ்சு கழுத்தைக் கடிக்கல. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, நேரா ஊர்ச் சபைக்குப் போய் வழக்கு வச்சா. 'இவன் என் புருஷன், என்கூட அனுப்புங்க'ன்னு. அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உறுதி சொன்ன 70 வேளாளர்கள், அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில இறங்கினாங்கன்னு கதை. நம்ம ஆளுங்க இதுல எதை எடுத்துக்கிட்டாங்க? 'நீலிக் கண்ணீர்'னு ஒரு வசவை. கொலை செய்யப்பட்டவ அழுதது பொய்யாம்!

இப்ப இருக்கற தமிழ்ப் பேய்க் காமெடியைக் கேலி பண்றது ஃபேஷன். நானும் கேலி பண்ணியிருக்கேன், அதுல பாதி நியாயமும்கூட. ஆனா 2011ல வந்த 'காஞ்சனா'வைத் திருப்பிப் பாருங்க. முதல் பாதி முழுக்க ராகவா லாரன்ஸ் அம்மா இடுப்புல ஏறி உக்காந்து கத்துவார். பேய் யாருன்னு தெரிய வரும்போது, அது நிலத்தைப் பிடுங்கிக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. சரத்குமார் நடிச்சிருந்தார். நிலம் யாருக்குப் போச்சு, யார் கொன்னது, எல்லாம் படத்துல தெளிவா இருக்கு. வெளிய வந்து நாம ஞாபகம் வச்சிருந்தது இடுப்புல ஏறினதை.

நெய்வேலி டவுன்ஷிப்புல வளர்ந்தவங்களுக்கு 'ஹவுஸ்' இன்னொரு விதத்துல உறைக்கும். எங்க ஊர்ல பேய் வீடு கிடையாது. இருக்க முடியாது. ஒவ்வொரு வட்டத்துலயும் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், வீட்டுக்கு நம்பர், ரிட்டயர் ஆனா சாவியைத் திருப்பிக் குடுத்துடணும். அடுத்த குடும்பம் வெள்ளை அடிச்சுக்கிட்டு வந்துடும். முப்பது வருஷம் ஒருத்தர் காத்திருக்கறதுக்கு வீடு வேணும்ல? பெரியம்மா மாதிரி ஒருத்தர் இங்க இருந்திருந்தா 58லயோ 60லயோ காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க. ஸ்கூல்ல நாங்க பேசின பேய் எல்லாமே டவுன்ஷிப்புக்கு வெளிய இருந்து வந்ததுதான். பக்கத்துக் கிராமத்துப் புளியமரம், ஐயனார் கோயில் பாதை, இப்படி.

1957ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். அதுக்கப்புறம் மண்ணை எடுக்க எடுக்கப் பல கிராமங்கள் இடம் மாறின. வீடு மட்டும் மாறாதுல்ல. கிணறு, களம், குலதெய்வம், சுடுகாடு எல்லாம் அந்த இடத்துல இருந்தது. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் வாளி வாளியா வெட்டி எடுத்த இடத்துல இப்ப எட்டிப் பாத்தா பெரிய பள்ளம். அந்த மின்சாரத்துலதான் நாங்க படிச்சோம், வேலைக்குப் போனோம், இந்த மைக்கும் ஓடுது. இதைக் குத்தமாச் சொல்லல. ஆனா அந்த ஊர்களோட புளியமரக் கதைகளை நாங்க லீவு நாள்ல ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்தி விளையாடத்தான் வச்சிருந்தோம். சுரங்கத்தை வியூ பாயின்ட்ல நின்னு பாத்து, 'டேய், கிராண்ட் கேன்யன் மாதிரி இருக்குடா'ன்னு சொல்லியிருக்கோம். பஞ்சு மிட்டாய் மாதிரின்னு சொன்ன பொண்ணு மேல எனக்குக் கோவம் வராததுக்கு அதுதான் காரணம்.

ஒபயாஷி இந்த விஷயத்தை விடல. 'ஹவுஸ்' எடுக்கறதுக்கு முன்னாடியே அவரும் கட்சுராவும் சேர்ந்து போர்க்காலத்து இளைஞர்களைப் பத்தி 'ஹனகதாமி'ன்னு ஒரு திரைக்கதை எழுதி வச்சிருந்தாங்க. அது நடக்காமப் போச்சு. 2016ல அவருக்கு நுரையீரல் புற்றுநோய், நாலாவது கட்டம், சில மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த நிலைமையில அந்தப் பழைய திரைக்கதையை எடுத்து 2017ல படமாக்கினார். அதோட நிறுத்தல, அதுக்கப்புறம் இன்னொண்ணு, 'சினிமாவின் சிக்கல் பாதை'. மூடப்போற ஒரு தியேட்டர்ல படம் பாக்கற பசங்க திரைக்குள்ள போயி, போர்ப் படங்களுக்குள்ள மாட்டிக்கற கதை. அதுலயும் வரைஞ்ச வானம், ஒட்டின ஓரம், கத்தரிச்ச உருவம். கடைசியா ஹிரோஷிமாவுக்குப் போகுது. 40 வருஷம் முன்னாடி மகளோட சேர்ந்து விளையாடின அதே விளையாட்டுதான். 2020 ஏப்ரல் 10 அன்னைக்கு அது ரிலீஸ் ஆகறதா இருந்துச்சு. கொரோனாவால தள்ளிப் போச்சு. அதே தேதியில ஒபயாஷி இறந்துட்டார்.

'ஹவுஸ்' மொத்தமே 88 நிமிஷம். முடிஞ்சா தனியாப் பாருங்க, நண்பர்களோட பாத்தா அவங்க சிரிப்புதான் காதுல விழும். ரயில் காட்சி வந்து திரை பழுப்பு நிறமாகும்போது மட்டும் போனைக் கையில எடுக்காதீங்க. பழைய விட்டலாச்சார்யா படம் ஓடின டூரிங் டாக்கீஸ்ல மணல் குவிச்சு உக்காந்து 'ஜகன்மோகினி' பாத்தவங்க உங்க வீட்டுல யாராவது இருந்தா, அவங்ககிட்ட அந்த அடுப்புக் காட்சிக்குக் கொட்டகை சிரிச்சுச்சா, கத்துச்சா, அமைதியாச்சான்னு கேட்டு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஊர் பேரும் வருஷமும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல அதைப் போடறோம்.